ஐந்தாவது கட்டம்

துவாஸ் கப்பல் பட்டறையில்
நான் போட்ட படிவம் ஒன்று உண்டு.
நேர்ந்த விபத்துக்கு அல்ல,
நேராமல் போனதற்கு.
மயிரிழையில் தப்பியதெல்லாம்
அதில் வந்து உட்காரும்:
நழுவிய ஸ்பேனர்,
பூட்ட மறந்த கொக்கி,
அரைத் தூக்கத்தில் மிதிபட்ட மின்கம்பி.

நேரம். இடம். அடிபட்டதா? இனி என்ன?
நான்கே கட்டம்.
ஐந்தாவதாக 'யாரால்' என்று ஒன்று இருந்தது.
மேலாளர் டெரிக் கோவிடம்
மூன்று கூட்டம் மல்லுக்கட்டி
அதை எடுக்க வைத்தேன்.

அந்த மாதம் படிவங்கள் குவிந்தன.
"உன் பிரிவில்தான் இத்தனை கோளாறா?" என்றார்.
"இங்கேதான் சொல்கிறார்கள்" என்றேன்.
சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது,
மறைப்பானேன்.

ஒருநாள் ஷஃபிகுல்
பதினெட்டு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வந்தான்.
பாதுகாப்பு வாரை மாட்டாமலே
ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டானாம்.
யாரும் பார்க்கவில்லை.
அவனாக வந்து நிற்கிறான், கை நடுங்க.
"அடிபட்டதா?" என்றேன்.
கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.
மறுநாள் ஏணியடியில் ஓர் ஆளுயரக் கண்ணாடி வைத்தோம்,
ஏறுகிறவன் தன் வாரைத் தானே பார்த்துக்கொள்ள.

அவ்வளவுதான் என் தலைமை.
அதற்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.
ஈசூன் வீட்டில், தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது.

அந்தக் கேடயத்துக்குக் கீழே உட்கார்ந்துதான்
தாட்சாயினி சொன்னாள்.
வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு குரல்.
ஆறு இலக்கம் கேட்டது.
கொடுத்திருக்கிறாள்.
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி,
மகளின் பல்லுக்குக் கம்பி போடச் சேர்த்தது.
ஆகிவிட்டது பதினோரு நாள்.

பதினோரு நாள்.
வங்கிக்குத் தெரியும்.
போலீசுக்குத் தெரியும்.
எதிர்வீட்டு ரொஹானாவுக்குத் தெரியும்,
அவர்தான் கூடப் போனாராம்,
வரிசையில் நின்றபோது
இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.
நான் அந்தப் பதினோரு நாளும்
இவள் சுட்ட தோசையைத் தின்றேன்.
சாம்பாரில் உப்பு கூட என்றேன்.

"என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை?"

யோசித்தாள். கோபமில்லை,
கணக்குப் பார்ப்பவள் போல.
"அந்தக் காவலர்
எப்போது, எவ்வளவு என்று கேட்டார். எழுதிக்கொண்டார்.
நீங்கள் எப்படி என்று கேட்பீர்கள்.
எப்படிக் கொடுத்தாய், எப்படி நம்பினாய்,
படித்தவள்தானே, எப்படி.
கடப்பிதழை மறந்த அன்று
உட்லண்ட்ஸ் சாவடியிலிருந்து
வீடு வரும்வரை கேட்டீர்கள்."

மறுக்க வாய் திறந்தேன்.
அந்த 'எப்படி' அப்போதும் நாக்கில்தான் இருந்தது,
சூடாக, முழுதாக.
துவாஸில் எடுத்த கட்டம்
எங்கே போயிற்று என்று
நான் தேடியதே இல்லை.

இதற்குமேல் நன்றாக நடந்துகொண்டேன்
என்று எழுத ஆசைதான்.
எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.
எதிர் புளோக்கில் யாரோ
துணிக்கம்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
மழை வரும்போல.
இரண்டு நிமிடம். மூன்று.
திரும்பி வந்து கேட்டேன்,
பட்டறைக் குரலில் அல்ல,
அது எனக்கு வீட்டில் வரவில்லை,
இருந்த குரலில்:
"அடிபட்டதா?"

சட்டென்று சிரித்தாள்.
பாதியில் சிரிப்பு வேறாகிவிட்டது.
"பட்டது" என்றாள்.
"முதல் நாளே கேட்டிருந்தால்
எங்கே என்று காட்டியிருப்பேன்."

கோப்பி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.
சீனி டப்பா எங்கே?
பதினான்கு ஆண்டுகள்.
கேட்டேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.
கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.